கட்டை போடு!

போன மாதம் என் தங்கை மகன் வீட்டுக்கு வந்திருந்தான். பரமத்தி பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். வந்தவன் காபி ஆறுவதற்குள் தன் புது ஆசையைச் சொல்லிவிட்டான். அவனிடம் இருப்பது இசுசு வி-கிராஸ். 2016-ல் நம் நாட்டுக்கு வந்த வண்டி, ஆந்திராவில் ஸ்ரீசிட்டியில் செய்கிறார்கள். முன்பக்கம் கார் மாதிரி, பின்பக்கம் தொட்டி. முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், பின் சக்கரத்துக்கு டிரம். டயரை ஏற்கெனவே ஒரு சைஸ் பெரிசாக்கிவிட்டான். இப்போது பின்பக்க டிரம்மைக் கழற்றிவிட்டு அதற்கும் டிஸ்க் போட வேண்டுமாம்.

"மாமா, பெரிய டயர் போட்டதுல இருந்து பிரேக்கு கொஞ்சம் மந்தமா இருக்குதுங்க. பின்னாடியும் டிஸ்க் போட்டுட்டா சிக்குனு நிக்கும்ங்க. கோயமுத்தூர்ல ஒருத்தர் மாத்தித் தர்றாராம்."

31 வருடம் பேருந்துப் பணிமனையில் பிரேக் பிரிவிலேயே காலம் தள்ளியவன் நான். என்னிடம் வந்து கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் வருமா? வரவில்லை. அன்று அவனுக்குச் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நாமக்கல், ராசிபுரம், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து வாசகர்களுக்கு லாரி இல்லாத குடும்பக் கதையே கிடையாது. உங்களுக்கும் இதில் ஏதாவது ஞாபகம் வரலாம்.

நான் முதன்முதலில் பிரேக் என்ற ஒன்றைப் பற்றி யோசித்தது 1973-ல், பதினாலு வயதில். என் பெரியப்பா பெட்போர்டு லாரி ஓட்டினார். அந்தக் காலத்தில் நம் ரோட்டில் ஓடியவை பெட்போர்டு, பார்கோ, டாட்ஜ், டாடா மெர்சிடஸ், லேலண்டு காமெட், இவ்வளவுதான். பெட்போர்டை இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்தது. பார்கோவையும் டாட்ஜையும் பிரீமியர் கம்பெனி. டாடா, ஜெர்மனிக்காரர்களோடு சேர்ந்து 1954-ல் ஜாம்ஷெட்பூரில் லாரி செய்ய ஆரம்பித்தது. பெட்போர்டுக்கு நம் ஆட்களிடம் தனி மரியாதை. எங்கே நின்றாலும் உதிரி பாகம் கிடைக்கும், எந்தக் கொல்லுப்பட்டறையிலும் சரி செய்துவிடலாம்.

அந்த வண்டிகளில் இருந்தது எண்ணெய் பிரேக். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் இருக்கும் பிரேக் ஆயில் குழாய் வழியாக நான்கு சக்கரத்துக்கும் அழுத்தத்தைக் கொண்டுபோகும். அங்கே ஒரு சின்ன சிலிண்டர் விரிந்து, இரண்டு பிரேக் ஷூவை டிரம்மின் உள்சுவரில் தள்ளும். தத்துவம் பழையது. அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் என்பவர் 1917-ல் காப்புரிமை வாங்கினார். 1921-ல் டூசன்பெர்க் என்ற ஆடம்பரக் கார் நான்கு சக்கரத்துக்கும் எண்ணெய் பிரேக்கோடு வந்தது. லாரிக்குக் கால் பலம் மட்டும் போதாது என்பதால், வாக்குவத்தின் உதவியால் இழுத்துக் கொடுக்கும் சர்வோ ஒன்றையும் சேர்த்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தக் கால பிரேக் ஆயிலில் முக்கியப் பொருள் விளக்கெண்ணெய். ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த கலவை. ரப்பர் வாஷருக்குக் கெடுதல் செய்யாத எண்ணெய் என்று அதைத் தேர்ந்தெடுத்தார்கள். நம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆத்தூர், வாழப்பாடிக் காட்டில் முளைத்த கொட்டைக்கும் லாரி நிற்பதற்கும் சம்பந்தம் இருந்திருக்கிறது என்பது எனக்கு வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அவசரத்துக்கு என்ஜின் ஆயிலை ஊற்றிவிடும் புத்திசாலிகளும் இருந்தார்கள். ஊற்றின அன்றைக்கு ஓடும். பிறகு ரப்பரெல்லாம் ஊறி உப்பி, சக்கரம் இறுகிக்கொள்ளும்.

பெரியப்பாவின் லாரியில் பின்பக்கத்து இடது சக்கர சிலிண்டர் கசிந்துகொண்டிருந்தது. பெங்களூர் புறப்படும் முன்பே முதலாளியிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். முழுப் பரீட்சை லீவு, என்னையும் கூட்டிப்போகச் சம்மதித்திருந்தார். முதலாளி கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இந்த நடை முடியட்டும். வந்து பாத்துக்கலாம். ஆயில் டின்னு ஒண்ணு எடுத்துப் போட்டுக்க."

பெரியப்பா டின்னை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

திரும்பி வரும்போது உருளைக்கிழங்கு மூட்டை, சேலம் லீ பஜாருக்கு. தர்மபுரி தாண்டி ஆயில் ஊற்றினார். தொப்பூர் கணவாய் உங்களில் பலருக்குத் தெரியும். இப்போது நான்கு வழிச்சாலை. அன்றைக்கு எதிரே லாரி வந்தால் இரண்டு பேரும் மண்ணில் ஒரு சக்கரம் இறக்கித்தான் ஒதுங்க வேண்டும். இறக்கத்தில் முதல் வளைவில் பெடல் கொஞ்சம் கீழே போனது. இரண்டாவதில் நாலைந்து முறை பம்பு அடித்தபின் பிடித்தது. அடுத்ததில் பெடல் தரைப் பலகையைத் தொட்டது, வண்டி போய்க்கொண்டே இருந்தது.

பெரியப்பா கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்றும் ஞாபகம். கை பிரேக்கை இழுத்தார். நிற்கிற வண்டியைப் பிடித்து வைக்கத்தான் அது உதவும், ஓடுகிற வண்டிக்கு ஒன்றும் செய்யாது. கிளட்சை இரண்டு முறை மிதித்து, நடுவில் ஆக்ஸிலேட்டர் கொடுத்து, மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்குத் தள்ளினார். பல் அரைபடும் சத்தம் வயிற்றைக் கலக்கியது. கியர் விழுந்தது. வண்டி கொஞ்சம் திமிறி வேகம் குறைந்தது. மலைப்பக்கத்து மண் கரையோடு பாடியை உரசவிட்டார். அப்போதுதான் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "கட்டை போடு!"

கிளீனர் அண்ணனுக்குப் பத்தொன்பது, இருபது வயது இருக்கும். எல்லா லாரியிலும் கிளீனர் கையெட்டும் தூரத்தில் முக்கோணமாகச் செதுக்கின ஒரு மரக்கட்டை கிடக்கும். ஏற்றத்தில் வண்டி நின்றால், டீக்கடையில் நிறுத்தினால், எங்கே நிறுத்தினாலும் குதித்து இறங்கி சக்கரத்துக்கு அண்டை கொடுப்பதுதான் அவன் முதல் வேலை. கண்ணாடி துடைப்பதெல்லாம் அதற்கப்புறம். அண்ணன் ஓடுகிற வண்டியிலிருந்து கட்டையோடு குதித்தான். பின் சக்கரத்துக்கு முன்னால் போட்டான். முதல் தடவை கட்டை எகிறி விழுந்தது. எடுத்துக்கொண்டு ஓடி மறுபடி போட்டான். வண்டி நின்றது. அவன் இடது கால் உள்ளே இருந்தது.

சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று விரலை எடுத்தார்கள். முதலாளி 300 ரூபாய் கொடுத்தார். பெரியப்பா அந்த வண்டியை அதற்குப் பிறகு தொடவில்லை. ஆனால் முதலாளியை அவர் திட்டி நான் கேட்டதில்லை. சாகிற வரைக்கும் ஒன்றையே சொன்னார்: "நான் சாவிய மேசை மேல வச்சுட்டு வந்திருக்கோணும்."

இப்போது தொழில் தெரிந்தவனாக அன்றைக்கு நடந்ததைப் பார்க்கிறேன். கசிவு ஒரு காரணம். ஒற்றைச் சுற்று எண்ணெய் பிரேக்கில் ஒரு சக்கரத்தில் ஓட்டை என்றால் நான்கு சக்கரமும் போச்சு. பின்னால் மாஸ்டர் சிலிண்டரை இரண்டாகப் பிரித்து, ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும்படி செய்தார்கள். அன்றைய வண்டியில் அது இல்லை.

இன்னொரு காரணம் சூடு. பிரேக் வண்டியின் ஓட்டத்தை எங்கேயும் மறைத்து வைப்பதில்லை, சூடாக மாற்றுகிறது, அவ்வளவுதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுமையோடு 10 டன் எடையுள்ள லாரி, கொல்லிமலை மாதிரி ஒரு மலையிலிருந்து செங்குத்தாக ஆயிரம் மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் பிரேக். என்ஜினும் காற்றும் உதவவில்லை என்றால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி ஏறத்தாழ 27 யூனிட் கரண்டு. 300 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். இத்தனையும் நான்கு இரும்புச் சட்டிக்குள் போகிறது. டிரம் சூடேறினால் விரியும். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடும். லைனிங் காந்தி, பிடிப்பு குறையும். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிற்கும். எண்ணெயை அழுத்தினால் அது சக்கரம் வரை தள்ளும். ஆவியை அழுத்தினால் அது தானே சுருங்கிக்கொள்ளும். பெடல் பலகையைத் தொடுவது அதனால்தான்.

டீசல் மிச்சம் பிடிப்பதற்காக இறக்கத்தில் நியூட்ரல் போட்டு, சில பேர் என்ஜினையே அணைத்துவிட்டு வருவார்கள். இதைவிடப் பெரிய மடத்தனம் கிடையாது. கியரில் வந்தால் என்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும், பிரேக்குக்குப் பாதி வேலை மிச்சம். நியூட்ரலில் மொத்தச் சுமையும் பிரேக்கின் தலையில். என்ஜினையும் அணைத்தால் சர்வோ உதவியும் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். பிறகு வெறும் கால் பலம். தொப்பூரில் இன்றைக்கும் நடக்கும் விபத்துகளில் இந்தப் பழக்கத்துக்குப் பங்கு உண்டு. 2020 டிசம்பரில் சிமென்ட் ஏற்றி வந்த லாரி ஒன்று அங்கே வரிசையாக நின்ற கார்கள் மேல் ஏறியதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்காவில் டீசல் என்ஜினுக்குப் பேர்போன கிளெஸ்ஸி கம்மின்ஸ், 1931-ல் தன் என்ஜின் பூட்டிய லாரியில் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போனார். கலிபோர்னியாவில் கஹோன் கணவாய் இறக்கத்தில் பிரேக் தேய்ந்து போய்விட்டது. கீழே ரயில்வே கேட், அதில் ஒரு கூட்ஸ் வண்டி கடந்துகொண்டிருந்தது. கடைசிப் பெட்டி தாண்டவும் லாரி தண்டவாளத்தைக் கடக்கவும் சரியாக இருந்தது. அந்தப் பயம் அவரை விடவில்லை. என்ஜினையே பிரேக்காக மாற்ற வழி யோசித்து, கடைசியில் 1950-களில் கண்டுபிடித்தார். 1961-ல் ஜேக்கப்ஸ் கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 'ஜேக் பிரேக்' என்கிறார்களே, அதுதான். நம் லாரிகளில் வந்தது அதைவிட எளிமையான எக்ஸாஸ்ட் பிரேக்: புகைக் குழாயை அடைத்து என்ஜினை மூச்சுத் திணற வைப்பது.

நம் பக்கத்து லாரிக்காரர்களின் தலையெழுத்தை மாற்றியது ஏர் பிரேக்தான். அதன் வரலாறு ரயிலில் தொடங்குகிறது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-ல் காற்று பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அதில் ஒரு குறை. குழாய் அறுந்தால் காற்று போய்விடும், பிரேக்கும் போய்விடும். நம் பெட்போர்டு கதைதான். மூன்று வருடம் கழித்து 1872-ல் அதைத் தலைகீழாக்கினார். குழாயில் காற்று இருக்கும் வரை பிரேக் விலகி இருக்கும். காற்று குறைந்தால், பெட்டி அறுந்து போனால், தானாகவே பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாகக் காற்றுத் தொட்டி வைத்ததால் இது முடிந்தது. என் வேலையில் நான் படித்த சங்கதிகளிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தத் தலைகீழாக்கம்தான். அறுந்தால் போச்சு என்பதை, அறுந்தால் நிற்கும் என்று மாற்றிவிட்டார்.

இந்தியாவில் லாரி, பஸ்ஸுக்கு ஏர் பிரேக் பரவியதில் நம் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு. 1962-ல் டி.வி.எஸ். குடும்பத்தார், இங்கிலாந்தின் கிளேட்டன் டிவாண்டர் கம்பெனியோடு சேர்ந்து சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டனைத் தொடங்கினார்கள். லாரிக்கான ஏர் பிரேக் சாமான்கள் அங்கே தயாராயின. அதே வருடம் அதே பாடியில் பிரேக்ஸ் இந்தியா. அது எண்ணெய் பிரேக் பக்கம். 1964-ல் ரானே பிரேக் லைனிங்ஸ். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அட்டைப் பெட்டி மேல் பாடி என்ற பெயரைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். தரத்துக்காக ஜப்பான்காரர்கள் கொடுக்கும் டெமிங் பரிசு 1998-ல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவுக்குக் கிடைத்தபோது எங்கள் பணிமனையில் நாங்களே வாங்கின மாதிரி மிட்டாய் கொடுத்தோம். அந்தப் பிரிவு பிறகு வாப்கோ ஆகி, இப்போது இசட்.எஃப். கையில் இருக்கிறது.

ஏர் பிரேக் வேலை செய்யும் விதம் இதுதான். என்ஜின் ஓட்டும் கம்ப்ரசர் காற்றை அமுக்கித் தொட்டியில் நிரப்பும். பெடல் வெறும் வால்வு. எவ்வளவு மிதிக்கிறீர்களோ அவ்வளவு காற்றைச் சக்கரத்துப் பக்கம் அனுப்பும். அங்கே பிரேக் சேம்பரில் உள்ள ரப்பர் டயாபிரம் ஒரு தண்டைத் தள்ளும். தண்டு ஸ்லாக் அட்ஜஸ்டரைத் திருப்பும். அது 'எஸ்' எழுத்து மாதிரி வளைந்த கேமைத் திருப்பி ஷூவை விரிக்கும். டிரைவரின் கால் பலம் இதில் கணக்கிலேயே வராது. ஒல்லியான ஆள் கூட முப்பது டன் வண்டியை நிறுத்தலாம்.

இதற்கு மேல் வந்தது ஸ்பிரிங் பிரேக். பின் சக்கரத்துச் சேம்பருக்குப் பின்னால் இன்னொரு டப்பா. அதற்குள் முரட்டு ஸ்பிரிங் ஒன்று அமுக்கி வைக்கப்பட்டிருக்கும். அமுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது காற்று. டிரைவர் கை வால்வைத் திருப்பிக் காற்றை விட்டால், அல்லது ஓட்டை விழுந்து காற்று தானாகப் போனால், ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைப் பிடிக்கும். வெஸ்டிங்ஹவுஸ் 1872-ல் ரயிலுக்குச் செய்த அதே தலைகீழ் யோசனை, வேறு உருவத்தில். நாமக்கல் பைபாஸில் லாரி நிற்கும்போது 'புஸ்ஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு கேட்கிறதே, அந்தச் சத்தம் இதுதான். காலையில் வண்டியைக் கிளப்பி, மீட்டர் முள் ஏறும் வரை டிரைவர் காத்திருப்பதும் இதனால்தான். காற்று ஏறாமல் வண்டி நகராது.

இந்த டப்பாவை விஷயம் தெரியாமல் பிரிக்கக் கூடாது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஆளையே கொன்றுவிடும். புதிதாக வரும் பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இதுவாகத்தான் இருந்தது.

முழு ஏர் பிரேக்கை இந்திய லாரிகளுக்குக் கொண்டுவருவதில் முன்னால் நின்றது எண்ணூர் அசோக் லேலண்டு. ஆனால் புது வண்டி வாங்கினவனுக்குத்தான் அது. நம் ஊரில் பழைய வண்டியை வாங்கி, பாடியை மாற்றி, என்ஜினை மாற்றி, இன்னும் பத்து வருடம் ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். டீசல் என்ஜின் மாற்றினவர்களுக்கு வேறு சிக்கலும் வந்தது. பெட்ரோல் என்ஜின் காற்றை உறிஞ்சும்போது வாக்குவம் சும்மா கிடைக்கும். டீசலில் அது கிடையாது. தனியாக வாக்குவம் பம்பு வைக்க வேண்டும். என்ஜினை மாற்றிவிட்டு, பம்பைப் பற்றி அலட்சியமாக இருந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். பின்னால் வண்டியின் இழுவையை மாற்றினவன், முன்னால் நிற்கும் சக்தியையும் மாற்ற வேண்டும் என்று நினைப்பதில்லை. என் மருமகனின் பெரிய டயரும் இதே ரகம்தான்.

ஏர் பிரேக்கிலும் சோம்பேறித்தனத்துக்கு மன்னிப்பு கிடையாது. அமுக்கின காற்றில் ஈரம் தங்கித் தொட்டியில் தண்ணீர் சேரும். வடிக்காவிட்டால் வால்வு துருப்பிடிக்கும். லைனிங் தேயத் தேய ஸ்லாக் அட்ஜஸ்டரை வண்டிக்கு அடியில் படுத்து ஸ்பேனரால் திருக வேண்டும். திருகாவிட்டால் தண்டு முழு நீளமும் வந்தும் ஷூ டிரம்மைத் தொடாது. மீட்டரில் காற்று நிறைய இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் பிறகு வந்தது. அது வந்தபின் அடியில் படுக்கும் பழக்கமே போய்விட்டது; நல்லதா கெட்டதா என்று எனக்கு முடிவு சொல்லத் தெரியவில்லை.

லைனிங்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்து லைனிங் ஆஸ்பெஸ்டாஸ். டிரம்மைக் கழற்றினால் சாம்பல் நிறத்தில் தூசி அப்பியிருக்கும். காற்றுக் குழாயை எடுத்து 'புஸ்' என்று ஊதி, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு அடுத்த சக்கரத்துக்குப் போவோம். மூக்கைக் கட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் என்ன செய்யும் என்பது பல வருடம் கழித்துத்தான் எங்கள் காதுக்கு வந்தது. இப்போது ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனிங் வருகிறது. என்னோடு வேலை பார்த்தவர்களில் இருமலோடு ஓய்வு பெற்றவர்கள் சில பேர் உண்டு. புகையா, தூசியா, எது காரணம் என்று யார் பிரித்துச் சொல்வது?

அதற்குப் பின் வந்தவை உங்களுக்கே தெரியும். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏ.பி.எஸ்., 2015-க்குப் பிறகு வந்த புதிய கனரக வண்டிகளில் கட்டாயம். 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடையை உயர்த்தியது: இரண்டு அச்சு லாரிக்கு 16.2 டன்னாக இருந்தது 18.5 டன் ஆனது, மூன்று அச்சுக்கு 25 டன் 28.5 டன் ஆனது. ஓவர்லோடாக இருந்தது ஒரே நாளில் சரியான லோடு ஆகிவிட்டது. காகிதத்தில் எடை கூடினால் டிரம்மின் அகலம் தானாகக் கூடுமா? நாமக்கல்லில் கேஸ் டேங்கர் ஓட்டும் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். சிரித்தார். அவர் வண்டியில் இருப்பது சமையல் கேஸ். அவருக்கு இறக்கத்தில் அவசரமே கிடையாது.

கிளீனர் அண்ணனை விட்டுவிட்டேன். கால் ஆறினபின் அவன் லாரிக்குப் போகவில்லை. புதுச்சத்திரம் பக்கத்தில் ரோட்டோரமாக டீக்கடை போட்டான். வியாபாரம் நன்றாகவே நடந்தது. எண்பதுகளில் ஒரு நாள் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன். புது லேலண்டு ஒன்று வந்து நின்று பெருமூச்சு விட்டது. யாரும் குதிக்கவில்லை, யாரும் கட்டை போடவில்லை. டிரைவர் இறங்கி நேராக டீ கேட்டார். அண்ணன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் படித்த பெருமையில் ஸ்பிரிங் பிரேக்கை விளக்கினேன். காற்று இருந்தால் விடும், காற்று போனால் பிடிக்கும் என்று டீ கிளாஸை வைத்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டான்.

"அப்படின்னா, ஓட்டை விழுந்தாலும் நின்னுக்கும்?"

"நின்னுக்கும்ண்ணா."

"கட்டை தூக்க ஆளு வேண்டாம்?"

"வேண்டாம்."

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டான். இன்றைக்குப் பெரும்பாலான லாரிகளில் கிளீனரே கிடையாது. டிரைவர் தனியாகப் போய்த் தனியாக வருகிறார்.

மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். பின் டிரம்மை டிஸ்க்காக மாற்றுவதில் எனக்கு இருந்த ஆட்சேபணையைச் சொன்னேன். பிரேக் பிடித்தால் வண்டியின் பாரம் முன்பக்கம் சாயும். பிக்கப் வண்டியில் தொட்டி காலியாக இருந்தால் பின்பக்கம் பஞ்சு மாதிரி. அதற்குப் பலமான பிரேக்கைக் கொடுத்தால் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு, வண்டி வாலை ஆட்டும். அதற்காகத்தான் பின்பக்கத்து லோடுக்குத் தகுந்தபடி அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாட்டைக் கம்பெனிக்காரன் வைக்கிறான், வால்வாகவோ ஏ.பி.எஸ். கணக்காகவோ. அந்தக் கணக்கு டிரம்முக்காகப் போடப்பட்டது. டிஸ்க் மாட்டினால் கணக்கு பொய்யாகிவிடும். மேலும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. நாளைக்கு ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரனுக்கு அதுவே போதும்.

"பிரேக்கு மந்தமாச்சுன்னு சொன்னியே மாப்ளே, டயரு பெரிசானா சக்கரத்தோட நெம்புகோல் நீளமாகுது. அதே பிரேக்கு அதைப் பிடிக்கச் சிரமப்படும். முதல்ல பழைய சைஸ் டயரைப் போடு."

முகம் சுண்டிப்போனது. அழகுக்காகப் போட்ட டயர் ஆயிற்றே. சரி, ஆயில் எப்போது மாற்றினாய் என்று கேட்டேன். வாங்கின நாளிலிருந்து மாற்றவே இல்லை என்றான். இந்தக் காலத்து பிரேக் ஆயில் விளக்கெண்ணெய் இல்லை, கிளைகால். காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். 'டாட் 3' ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினபின் 140-லேயே கொதிக்கலாம் என்று தர விதியே சொல்கிறது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசியில் லோடோடு இறங்கினால் இந்த வித்தியாசம் தெரிந்துவிடும்.

வாசலிலேயே ஜாக்கி வைத்தோம். ஆயில் ஒரு பாட்டிலில் வடிந்தது, வறக்காப்பி நிறத்தில். பின்பக்கத்து டிரம்மைக் கழற்றினேன். லைனிங் இன்னும் இருந்தது. சக்கர சிலிண்டரின் ரப்பர் மூடியைச் சுண்டுவிரலால் விலக்கினேன். உள்ளே ஈரம். அதிகமில்லை, விரல் நுனியில் பளபளக்கும் அளவு.

புது சிலிண்டர் செட்டு நாமக்கல்லில் இல்லை, சேலத்திலிருந்து வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். மருமகன் கைபேசியைப் பார்த்தான்.

"மாமா, நாளைக்கு கொல்லிமலைக்கு ஒரு லோடு தீவனம் ஒத்துக்கிட்டேனுங்க. அது ஒண்ணு முடியட்டும். ஞாயித்துக்கிழமை வந்து மாட்டிக்கலாம். கசிவு துளிதானுங்களே."

சாவி திண்ணையில் கிடந்தது. எடுத்து என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றான். தீவனத்துக்கு வேறு வண்டி பிடித்துக் கொடுத்தேன், வாடகை என் கணக்கில். பரமத்திக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று தங்கையிடம் போன் போட்டுக் கேட்டு, அவனை பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டு வந்தேன்.